பிரம்பு போய்விட்டதாம்!

யாழ்ப்பாணத்துப் பரிசளிப்பு விழாக்களில் ஒரு பேச்சு உண்டு. பேச்சாளர் மாறுவார், மண்டபம் மாறும், பேச்சு மாறாது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பிரதம விருந்தினராக வந்து ஒலிவாங்கியைப் பிடிப்பார். அந்தக் காலத்தில் குடாநாடு கல்வியில் எப்படிக் கொடிகட்டிப் பறந்தது என்று தொடங்குவார். அப்போது பிரம்பு இருந்தது, பயம் இருந்தது, அதனால் ஒழுக்கமும் இருந்தது. பிறகு சிறுவர் உரிமை என்று ஒன்று கப்பலேறி வந்தது, அரசாங்கம் பிரம்பைப் பிடுங்கியது, ஆசிரியரின் கை கட்டப்பட்டது. இன்றைய போதைப்பொருள், வாள்வெட்டு, கைத்தொலைபேசிப் பைத்தியம் எல்லாம் அதன் பலன். ஆகவே பிரம்பைத் திருப்பிக் கொடுங்கள். மண்டபம் கைதட்டும். முன்வாங்கில் பரிசுக்காகக் காத்திருக்கும் மூன்றாம் தரத்துப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டுவார்கள். பெரியவர்கள் தட்டும்போது தட்டாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அண்மையில் அந்தப் பேச்சை இன்னொரு முறை கேட்டேன். பேசியவரின் பெயர் இங்கே தேவையில்லை; அவர் சொன்னதில் அவருக்கென்று சொந்தமானது எதுவும் இருக்கவில்லை. மேடையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. மூத்தவர், படிப்பித்தவர், நரைத்தவர் என்ற மரியாதை. அந்த மரியாதை எனக்கும் உண்டு, ஐயா. அதனால்தான் உங்கள் முகத்துக்கு நேரே எழுதுகிறேன்.

உங்கள் வாதத்தின் அத்திவாரத்திலிருந்து தொடங்குவோம். பிரம்பு போய்விட்டது என்கிறீர்கள். எங்கே போனது? உடல் தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை அனுப்பியது உண்மை. 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அதே விடயத்தை மறுபடி சொன்னதும் உண்மை. ஒரே உத்தரவை பதினொரு ஆண்டுகள் கழித்து மறுபடி அனுப்ப வேண்டி வந்தது ஏன் என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே இந்தப் பேச்சைப் பேசியிருக்க மாட்டீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 2017இல் வெளியிட்ட ஆய்வில், தாம் பாடசாலையில் கடந்த ஒரு தவணைக்குள் ஒரு தடவையாவது உடல் தண்டனை பெற்றதாகச் சொன்ன மாணவர்கள் நூற்றுக்கு எண்பது பேர். சுற்றுநிருபம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஐந்து பிள்ளையில் நாலு பிள்ளை அடி வாங்கிக்கொண்டிருந்தது.

ஆய்வறிக்கை வேண்டாம் என்றால் எந்தப் பாடசாலைக்குள்ளும் நடந்து பாருங்கள். பிரம்பு அலுமாரியின் மேலே இருக்கிறது. அது இல்லாத வகுப்பில் அடிமட்டம் இருக்கிறது, தும்புத்தடி இருக்கிறது, வளவில் பூவரசு இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் குட்டும் நுள்ளும் காது முறுக்கலும் இருக்கின்றன. அவற்றுக்குக் கருவி தேவையில்லை. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக் குழு வருகிறது என்றால் பிரம்பு ஒரு மணித்தியாலம் அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கும். வாகனம் படலையைத் தாண்டியதும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

இப்போது உங்கள் வாதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்று இருபது வயதில் வாளோடு மோட்டார் சைக்கிளில் திரிகிறான் என்று நீங்கள் காட்டுகிற இளைஞன், அடி வாங்காமல் வளர்ந்தவன் என்று யார் சொன்னது? அவன் படித்த ஆண்டுகளில்தான் நூற்றுக்கு எண்பது பேருக்கு அடி விழுந்தது. ‘ஒண்டுக்கும் உதவாதவன்’ என்று ஏழு வயதில் பெயர் வாங்கி, தினமும் வகுப்புக்கு வெளியே முழந்தாளில் நின்ற பெடியனே பெரும்பாலும் அந்த வழிக்குப் போகிறான் என்பது எந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கும் தெரிந்த சங்கதி. மருந்து கொடுக்கவில்லை, அதனால் நோய் என்கிறீர்கள். மருந்து ஒரு நாளும் நிறுத்தப்படவில்லை. அப்படியானால் கேள்வி உங்கள் மருந்தைப் பற்றியது.

அந்தக் காலம் என்கிறீர்களே, அதையும் கொஞ்சம் கிளறுவோம். பிரம்புதான் யாழ்ப்பாணத்து வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் உண்டாக்கியது என்றால், அதே பிரம்பின் கீழ் இருந்த தலைமுறைதான் 1980களில் மனிதரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டதும், அதை ஊர் கூடி நின்று பார்த்ததும். ‘தண்டனை கொடுத்தால் சனம் திருந்தும்’ என்ற பாடத்தை அவர்கள் எந்த வாங்கில் இருந்து கற்றார்கள்? நான் பிரம்பின் மேல் அந்தப் பழியைப் போடவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் உண்டு, அரச ஒடுக்குமுறை முதற்காரணம். ஆனால் பழியில் பங்கு இல்லாத பிரம்புக்குப் புகழில் மட்டும் எப்படி முழுப் பங்கு வரும்? பழைய மாணவர் சங்கத்தில் எழுந்து, ‘சேரின்ர அடிதான் என்னை ஆளாக்கினது’ என்று நெகிழ்பவர் பரீட்சையில் தேறி மிஞ்சியவர். அதே வகுப்பில் இருந்து, அதே அடியை இரண்டு மடங்கு வாங்கி, ஐந்தாம் வகுப்போடு நின்றவர் பாடசாலை மலருக்குக் கட்டுரை எழுதுவதில்லை. அவரை யாரும் மேடைக்கு அழைப்பதும் இல்லை.

அரிதாக ஒருவர் எழுதினார். ‘மல்லிகை’ டொமினிக் ஜீவா. வகுப்பறையில் பட்ட சாதி அவமதிப்பு அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே தள்ளியது. ஈழத்து இலக்கியத்தின் ஒரு பெரிய சஞ்சிகையை 1966 முதல் நடத்தியவரின் கதை அது. அந்தக் காலத்து ஒழுக்கம் என்று நீங்கள் உருகுகிற வகுப்பறையில் யார் முன்வாங்கில் இருந்தார்கள், யார் தரையில் இருந்தார்கள், அடி யார் முதுகில் அதிகம் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். சம ஆசனம் கொடுத்ததற்காகப் பாடசாலைகளை எரித்த ஊர் இது. பிரம்பு குழப்படியை மட்டும் தேடிப் போனது என்று நம்புவதற்கு நமக்கு வரலாறு தெரியாமல் இருக்க வேண்டும்.

ஆறுமுக நாவலரையும் துணைக்கு இழுத்தீர்கள். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர் பிள்ளைகளுக்காகச் செய்த பெரிய வேலை என்ன? பாலபாடத்தைப் படிமுறையாக எழுதி, அச்சுக்கூடம் வைத்து அச்சடித்தது. எளியதிலிருந்து கடினத்துக்குப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்த வேலை அது. அவர் காலத்து ஆசிரியர்கள் அடித்தார்களா என்றால் அடித்திருப்பார்கள். திண்ணைப் பள்ளியில் கோதண்டம் போடுவதும் இருந்தது. ஆனால் நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பேசுவது அந்தப் புத்தகத்தைப் பற்றி. அவருடைய பெயரைச் சொல்லிப் பிரம்பைக் கேட்பவர் அவருடைய வேலையில் இலகுவான பகுதியை மட்டும் பொறுக்குகிறார்.

சட்டம் இடம் கொடுக்கிறது என்றும் சொன்னீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 341ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு: ஆசிரியர் தன் நியாயமான தற்றுணிபின்படி மாணவனை அடித்தால் அது குற்றவியல் வன்முறை ஆகாது என்பது அதன் சாரம். அந்தக் கோவை 1883இல் பிரித்தானியர் நமக்கு எழுதித் தந்தது. சிறுவர் உரிமையை வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கைக் கையில் எடுக்கிறீர்கள். அதை எழுதிய நாடே தன்னுடைய அரச பாடசாலைகளில் பிரம்பை 1986இல் சட்டம் இயற்றி நிறுத்திவிட்டது. இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஆசிரியர்கள் ஒரு மாணவனைத் தாக்கியதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலாக உயர் நீதிமன்றம் 1995இலேயே கண்டது. சித்திரவதைக்கும் இழிவான நடத்தைக்கும் எதிரான உறுப்புரை அது.

‘ஒரு சின்ன அடி, அதுவும் அன்பான அடி’ என்று நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்ன இடத்தில் மண்டபமும் சிரித்தது. 2017 பெப்ரவரியில் தென் மாகாணத்துப் பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியர் மாணவன் ஒருவனின் கன்னத்தில் அறைந்தார். அவனுடைய காதின் கேட்கும் திறன் போனது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை வந்தது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய 2021 பெப்ரவரித் தீர்ப்பின்படி ஆசிரியர் தன் கைப்பணத்திலிருந்து 1,50,000 ரூபாவும் அரசு 5,00,000 ரூபாவும் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆசிரியரும் காதைச் செவிடாக்க நினைத்து அடித்திருக்க மாட்டார். அடிப்பவரின் கணக்கில் எல்லா அடியும் சின்ன அடிதான். தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி உடல் தண்டனையை முழுதாக ஒழிக்கும் முயற்சி நடக்கிற நேரத்தில், பழைய ஓட்டையைக் காட்டி இளம் ஆசிரியர்களை உசுப்பிவிடுவது அவர்களுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. வழக்கு வந்தால் கூண்டில் நிற்பவர் அந்த ஆசிரியர். நீங்கள் இன்னொரு விழாவில் மாலை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இனி உண்மையான விடயத்துக்கு வருகிறேன். உங்கள் அரைமணி நேரப் பேச்சில் ஒரு முறைகூட வராத கேள்வி ஒன்று இருந்தது: பிள்ளை ஏன் குழப்படி செய்கிறது? குழப்படியை மழை, வெயில் மாதிரி எங்கிருந்தோ வந்து விழுவதாக எடுத்துக்கொண்டீர்கள். விழுந்தால் அடி, அவ்வளவுதான்.

மூன்றாம் தரத்தில் ஒரு பெடியன். பின்வாங்கு. கரும்பலகையில் இருப்பதை எழுதமாட்டான், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டி எட்டிப் பார்ப்பான், அது கையை மறைத்தால் இழுப்பான், சண்டை வரும், ‘ரீச்சர், இவன் என்ர கொப்பியைக் கிழிச்சிட்டான்’ என்று முறைப்பாடு வரும். ரீச்சருக்கு அவன் குழப்படிக்காரன், கள்ளன், சோம்பேறி. கையில் அடி. நாளைக்கும் அதே. ஒரு நாள் பாடசாலைக்கு வைத்தியப் பரிசோதனைக் குழு வந்து சுவரில் எழுத்து அட்டையைத் தொங்கவிடுகிறது. மேல்வரியில் இருக்கும் பெரிய எழுத்தே அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடி வந்தது, முன்வாங்கு வந்தது, குழப்படி போனது. இதில் வியப்பு எதுவும் இல்லை. இப்படியான கதை குடாநாட்டின் ஐந்து கல்வி வலயங்களிலும் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எட்டிப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பிள்ளை தனக்கு என்ன குறை என்பதைத் தன் உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் அந்தச் செய்தியின் வாயை அடைத்தது. அடிக்குப் பயந்து எட்டிப் பார்ப்பதை அவன் நிறுத்தியிருந்தால், வகுப்பு அமைதியாக இருந்திருக்கும், நீங்கள் அதை ஒழுக்கம் என்று பாராட்டியிருப்பீர்கள், பிள்ளை குருட்டாட்டமாகவே ஐந்தாம் தரம் போயிருக்கும்.

கண் மட்டுமா? காதில் சீழ் வடியும் பிள்ளை ‘சொன்னது கேக்கேல்லையோ’ என்று அடி வாங்கும். அதற்கு உண்மையாகவே கேட்கவில்லை. காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளை பத்து மணிக்கு அடுத்தவனைச் சுரண்டும். எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளை வாசிக்கச் சொல்லும்போது கோமாளித்தனம் செய்யும். மொக்கன் என்று பெயர் வாங்குவதைவிடக் குழப்படிக்காரன் என்று பெயர் வாங்குவது அதற்குக் கௌரவம். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நாற்பது பேரோடு இருக்கிற ஆறு வயதுப் பிள்ளை நெளியாமல் இருந்தால்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதெல்லாம் ஒரே குழப்படியா? எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா? வயிற்று வலி, பல் வலி, கால் முறிவு மூன்றுக்கும் ஒரே குளிசை தருகிற ஆளை நீங்கள் வைத்தியர் என்று சொல்வீர்களா, ஐயா?

இன்னும் ஒன்று. நடைமுறையில் பிரம்பு விழுவது குழப்படிக்கா? நாலாம், ஐந்தாம் தரங்களின் பக்கம் போய் நில்லுங்கள். புலமைப்பரிசில் வினாத்தாளில் ஒரு பிழைக்கு ஓர் அடி. பெருக்கல் வாய்பாடு தடக்கினால் அடி. பின்னேரம் ரியூசனில் அதே கணக்கு, அதே அடி, இந்த முறை காசு கட்டி. இந்தப் பிள்ளைகள் கல்லெறியவில்லை, ஆசிரியரை எதிர்த்துப் பேசவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றார்கள், அதுதான் குற்றம். ஒழுக்கம் என்ற நல்ல பெயரை முன்னால் நிறுத்தி, பின்னால் நடப்பது புள்ளி கறக்கிற வேலை. உங்கள் பேச்சில் இது பற்றி ஒரு சொல் இல்லை. பாடசாலை வாசலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு பதாகை கட்டியவர்களில் நீங்களும் ஒருவர் என்பதாலோ என்னவோ.

சரி, அடிக்காமல் வகுப்பை எப்படி நடத்துவது என்று சவால் விட்டீர்கள். அந்தக் கேள்விக்கு மறுமொழி குடாநாட்டிலேயே பல வகுப்பறைகளில் தினமும் நடக்கிறது. மேடையில் இருந்து பார்த்தால் தெரியாது.

வடமராட்சிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் இரண்டாம் தரம். இடைவேளை மணி அடித்து முடிந்த நேரம், அதுதான் ஆரம்பப் பிரிவில் மிக மோசமான நேரம். வியர்வையும் மண்ணுமாகப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். சாதாரணமாக இந்த இடத்தில் ரீச்சர் மேசையில் பிரம்பால் தட்டி, ‘சத்தம் போடாதேங்கோ’ என்று தானே பெரிய சத்தம் போடுவார். இந்த ரீச்சர் மணி அடிக்குமுன்பே வாசலில் நிற்கிறார். முதலாவது பிள்ளை உள்ளே கால் வைக்கும்போதே மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்குகிறார். வருகிற பிள்ளை வருகிற வரியில் சேர்ந்துகொள்கிறது. பாட்டு முடிய எல்லாரும் இடத்தில். கதிரையில் இரண்டு நிமிடம் இருக்கமுடியாத ஒருவன் அந்த வகுப்பில் உண்டு. பாட்டு முடியுமுன்பே கொப்பிக் கட்டு அவன் கையில். அவன் நாலு வாங்கும் நடந்து கொப்பி கொடுக்கிறான், கால் ஆறுகிறது. இரண்டு பேர் அழிறப்பருக்கு இழுபறிப்படுகிறார்கள். ரீச்சர் மறுமுனையிலிருந்து பெயர் சொல்லிக் கத்தவில்லை. பாடத்தைச் சொல்லிக்கொண்டே நடந்து வந்து, ஒருவனின் கொப்பியில் எழுத வேண்டிய வரியில் விரலை வைத்தார். மற்றவனைப் பார்த்தார். அழிறப்பர் மேசைக்குத் திரும்பியது. முப்பது பிள்ளைகளில் இருபத்தெட்டுப் பேருக்கு அங்கே ஒன்று நடந்ததே தெரியாது. மொத்தம் பத்து விநாடி. பிரம்பை எடுத்திருந்தால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும், ஒருவன் அழுதிருப்பான், ஒருவன் சிரித்திருப்பான், பாடம் கால்மணி நேரம் போயிருக்கும்.

அந்த ரீச்சர் அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப் கூனினை வாசித்தாரோ தெரியாது. ஆனால் கூனின் 1970இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வு சொல்வது இதைத்தான். வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து பார்த்த அவர், குழப்படி நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதற்கும் வகுப்பு ஒழுங்காக இருப்பதற்கும் சொல்லத்தக்க தொடர்பு இல்லை என்று கண்டார். நல்ல வகுப்பை வேறாக்கியது அதற்கு முந்திய வேலை: வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடக்காமல் போவது, சும்மா இருக்கிற நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதது. நமக்கு அமெரிக்காவும் தேவையில்லை. 1990களின் கடைசியில் வந்த நம்முடைய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே முதலாம், இரண்டாம் தரங்களுக்கு வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றைச் சொல்லி, விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. ஆசிரியர் கலாசாலையில் இதைப் படித்துச் சித்தியடைந்தவரை, பாடசாலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ‘அதெல்லாம் புத்தகத்தில, இஞ்ச தடிதான்’ என்று திருத்தி எடுத்தவர்கள் யார்? உங்களைப் போன்ற அதிபர்கள்.

அடி வேலை செய்கிறது என்பீர்கள். அந்த நிமிடத்துக்கு அமைதி வரும், அதை நான் மறுக்கவில்லை. வீட்டில் பெற்றோர் போடும் சாதாரண அடியைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் நடந்த 75 ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகளின் தகவலைச் சேர்த்து, எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன் கெய்லரும் 2016இல் வெளியிட்டார்கள். அடியால் பிள்ளை நல்லவழிக்கு வந்ததற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. மூர்க்கமும் உளநலப் பிரச்சினைகளும் கூடியதற்குத்தான் கிடைத்தது. மேற்கு ஆபிரிக்காவில் அடிக்கும் பாடசாலை ஒன்றையும் அடிக்காத பாடசாலை ஒன்றையும் ஒப்பிட்டு 2011இல் ஒரு சோதனை நடந்தது. பார்க்கக்கூடாது என்று சொல்லி வைத்த விளையாட்டுப் பொருளை இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது, அடிக்கும் பாடசாலைப் பிள்ளைகள் கூடுதலாகப் பொய் சொன்னார்கள், சொன்ன பொய்யைப் பிடிபடாமல் காப்பாற்றவும் தெரிந்து வைத்திருந்தார்கள். மூன்று நாலு வயதுப் பிள்ளைகள்! பிரம்பு உண்மையிலேயே ஒன்றைத் திறமாகப் படிப்பிக்கிறது, ஐயா. அது நீங்கள் நினைக்கிற பாடம் இல்லை.

உங்கள் பேச்சில் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. ஷெல்லுக்கும் கிபிர் விமானத்துக்கும் தப்பிய சனம் நாங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் அடி என்ன பெரிய காரியம் என்றீர்கள். அப்படியே தலைகீழ். வன்னியில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடையே செய்த ஆய்வொன்றை தோமஸ் எல்பெர்ட் குழுவினர் 2009இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினர் சாவு போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தார்கள். கால்வாசிப் பேருக்கு நெருக்கீட்டின் பின்னரான மனவடு இருந்தது. அவர்களின் நினைவாற்றலும் படிப்பும் அடிவாங்கியிருந்தன. 2008இல் கிளாடியா கட்டானி குழுவினர் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள் 296 பேரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வீட்டுக்குள்ளும் ஏதோ ஒரு வன்முறையை அனுபவித்திருந்தார்கள். போரின் காயமும் வீட்டின் அடியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடித்தான் பிள்ளையை வருத்தின, ஒன்று மற்றதைத் தாங்கப் பழக்கவில்லை. போரின் உளக்காயத்தைப் பற்றி நம் மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியது 1998இலேயே புத்தகமாக வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்காமல் இருக்கலாம், அது உங்கள் விருப்பம். வாசிக்காமல் போரின் பெயரால் அடியை நியாயப்படுத்தக்கூடாது.

அந்த ஆய்வுகளில் இருந்த பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. இன்றைய மூன்றாம் தரத்துப் பிள்ளையின் தாயும் தகப்பனும் அவர்கள்தான். பாடசாலைக்கு வந்து, ‘கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்செடுங்கோ சேர்’ என்று சொல்கிறவர்களும் அவர்கள்தான். இதை நீங்கள் பெற்றோரின் சம்மதம் என்று பெருமையாகச் சொன்னீர்கள். பிள்ளையின் தோல் தகப்பனுடைய காணி இல்லை, ஆசிரியருக்கு உறுதி எழுதிக் கொடுப்பதற்கு. தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்லிவிட்டு, களைத்துப் போய் நிற்கிற ஒரு மனிதனின் வாயில் வந்த வார்த்தை அது. அவருக்கு ஒரு கதிரை போட்டு இருத்தி, வீட்டில் பிள்ளை எப்படி, இரவு நித்திரை கொள்கிறானா, யாரோடு இருக்கிறான் என்று கேட்டிருந்தால் பாதிக் குழப்படிக்குக் காரணம் அங்கேயே தெரிந்திருக்கும். தகப்பன் குடிக்கிறான், தாய் வெளிநாடு, அம்மம்மாவோடு வளர்கிறது என்று ஏதாவது ஒன்று.

அடிக்கிற ஆசிரியர்கள் எல்லாரும் கொடுமைக்காரர் என்று நான் சொல்லவில்லை. பலர் நல்லவர்கள், களைத்தவர்கள். ஒரு சுற்றுநிருபத்தை அனுப்பி ‘அடிக்காதே’ என்று சொன்ன அமைச்சு, பதிலாக என்ன செய்வது என்று வகுப்பறைக்குள் வந்து காட்டவில்லை. நகரத்துப் பெரிய பாடசாலையில் நாற்பது பேரை அடைத்துவிட்டு, தீவகத்தில் பத்துப் பிள்ளைகளோடு ஒரு பாடசாலை மூடுவதா விடுவதா என்று இழுத்துக்கொண்டிருக்கும் நிர்வாகம் இது. பயிற்சி பெற்ற உளவளத்துணை ஆசிரியரையும் பாட ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு நேரம் நிரப்ப அனுப்புகிறார்கள். பாடம் ஒரு பக்கம், பதிவேடு ஒரு பக்கம், விழா ஒரு பக்கம் என்று ரீச்சருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐயா, அவ்வளவு ஆண்டு அதிபராக இருந்தவர் நீங்கள். ஒலிவாங்கி கையில் இருந்தது, வலயக் கல்விப் பணிப்பாளர் முன்வரிசையில் இருந்தார். வகுப்பில் பிள்ளைகளின் தொகையைக் குறையுங்கள், உளவளத்துணை ஆசிரியரை அவர் வேலையைச் செய்ய விடுங்கள், ஒவ்வொரு ஆண்டும் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள் என்று கேட்டிருக்கலாம். இதில் எதையும் கேட்காமல் தடியைக் கேட்டீர்கள். அமைச்சுக்கு ஒரு சதம் செலவில்லாத கோரிக்கை. அடிக்கப்படப் போகிறவருக்கு வாக்குரிமையும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை குழப்படி என்று பாடசாலையிலிருந்து செய்தி வந்தால், எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில், யாருக்குப் பக்கத்தில் என்று கேளுங்கள். போகும் வழியில் கண் வைத்தியரிடமும் ஒருமுறை காட்டுங்கள். அடி விழுந்தது என்றால் முதலில் அதிபரோடு பேசுங்கள். அவர் இந்த மேடைப் பேச்சையே உங்களிடமும் பேசினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. தமிழிலும் பேசலாம்.